கூடுதல் ஒரு மணி

சிவகங்கை ஆஸ்பத்திரியில்
இரண்டு கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்து
நூறு சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.
நான் வாங்கிய ஒரே நூற்றுக்கு நூறு.
அதை நகல் எடுத்து எடுத்தே
காரைக்குடி ஜெராக்ஸ் கடைக்காரருக்கு
என் செருப்புச் சத்தம் பழகிவிட்டது.
உதவி மையத்துக்கு ஒன்று,
துறைக்கு ஒன்று,
தேர்வுப் பிரிவுக்கு மூன்று,
அங்கே ஒன்று தொலையும் என்பதால் நான்கு.

சொல்வதை எழுத ஆள் தருவார்கள்.
என் பாடம் தெரியாத ஆளாக இருக்க வேண்டும்.
மையத்து உமையாள் மேடம்
போன் மேல் போன் போட்டுப் பிடித்தவள் ஜன்னத்.
விலங்கியல், இரண்டாம் ஆண்டு, புதுவயல்.
"வரலாறு எனக்குச் சுத்தமா வராதுக்கா"
என்றாள், அதுதான் தன் தகுதி என்பதுபோல.

எல்லாருக்கும் மூன்று மணி நேரம்.
எனக்கு மணிக்கு இருபது நிமிடம் கூட.
ஒரு மணிக்கு மணி அடித்ததும்
பெஞ்சுகள் இழுபட்டன, டிபன் பாக்ஸ் ஒன்று உருண்டது,
பேச்சுக்குரல் படியிறங்கிப் போனது.
போகிற போக்கில் யாரோ விசிறியை நிறுத்தினார்கள்.
"ஆள் இருக்கோம்!"
ஜன்னத் கத்தினாள்.
விசிறி முனகிக்கொண்டே திரும்ப ஓடியது.

வாசலில் சாத்தையா அண்ணன்
சாவிக்கொத்தைக் கைமாற்றிக்கொண்டு நின்றார்.
கோபமில்லை அவருக்கு. பசி.
சாவிகளுக்குத்தான் அதை மறைக்கத் தெரியவில்லை.

பர்மாவில் செட்டியார்களின் கொடுக்கல் வாங்கல்:
பதினைந்து மதிப்பெண்.
பர்மா என்றால் இந்தப் பக்கத்தில்
எல்லா வீட்டிலும் ஒரு கதை கிடைக்கும்.
எங்கள் வீட்டில் கிடைக்காது.
அந்தக் கதை கட்டிய வீடுகளுக்குச்
சுண்ணாம்பு அடித்தவர்கள் நாங்கள்.
நான் புத்தகத்தில்தான் கேட்டேன்.

"மறுப்புக்கு எந்த ற?"
"வல்லினம்."
"அப்படின்னா?"
"பெரிய ற. எழுது."

"பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்த ஆண்டு
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து" என்றேன்.

பேனா நின்றது.

பேனாவின் நடை எனக்குத் தெரியும்.
காற்புள்ளிக்குத் தயங்கும்,
பத்தி முடிந்தால் மூச்சு விடும்.
இது வேறு.

முப்பத்தைந்தா, முப்பத்தேழா?
அதுவரை எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.
இவள் நிறுத்தியதால் வந்தது.
கண்காணிப்பாளர் தூரத்தில் பேப்பர் புரட்டினார்.
ஒருத்தியின் மௌனத்தை வாங்கி
விடையைத் திருத்திக்கொண்டால்
அது சலுகையா, திருட்டா?
எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டமில்லை.

"முப்பத்தைந்துதான். எழுது"
தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னேன்.
எழுதினாள்.

கடைசியில் அட்டை ஜன்னலை வைத்துக் காட்ட
அதற்குள் கையெழுத்துப் போட்டேன்.
இருபத்தாறு பக்கத்தில்
என் கை எழுதியது அது ஒன்றுதான்,
அதுவும் கோட்டை விட்டு ஏறியிருந்ததாம்.

புதுவயல் வண்டி போய்விட்டது.
அடுத்ததற்கு முக்கால் மணி.
ஒரு பன்னீர் சோடா வாங்கி
ஆளுக்கொரு ஸ்ட்ரா போட்டு நின்றோம்.
போன செமஸ்டர் எழுதிய பணம்
இன்னும் ஏறவில்லை என்றாள், குறையாக இல்லாமல்,
வெயில் என்று சொல்வதுபோல.

கேட்டுவிட்டேன்.
"பர்மாகிட்ட ஏன் நிறுத்தினே?"

"பர்மாவா? கட்டைவிரல் பிடிச்சுக்கிச்சுக்கா.
உதறிக்கிட்டேன். உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை.
அவ்வளவு சத்தமில்லாமல் உதறியிருக்கிறாள்.

(விடுதிக்கு வந்து போனை வாசிக்கவிட்டேன்.
முப்பத்தேழு.)

"வியாழக்கிழமை வலிச்சா
வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொல்லு" என்றேன்.

ஸ்ட்ரா அடிவரை உறிஞ்சி
வெறுங்காற்றில் கரகரத்தது.
"சொல்லலாமா?" என்றாள்.
"ரூல்ல இருக்கான்னு
மேடத்துக்கிட்ட கேட்டுக்கணும்க்கா."